பின்னல் ஊசியும் பேரக் குழந்தைகளும்

தமிழர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவற்றுள், மரம் இலை உதிர்ப்பதைக் கொண்டு பெயர் பெற்ற பருவம் ஒன்றுமில்லை. ‘இலையுதிர் காலம்’ என்னும் தொடரைப் பாடநூலில் படிக்கும் மாணவர், மஞ்சளும் சிவப்புமான இலைகள் நிறைந்த ஓர் ஓவியத்தைத் தம் மனத்தில் தீட்டிக்கொள்வர். ஆயின், அப்பருவம் வரும்போது குளிர்நாட்டு வீடுகளுக்குள் என்ன நிகழ்கின்றது, தோட்டத்தில் எவ்வேலை முடிந்து எவ்வேலை தொடங்குகின்றது, முதியோர் கைகள் எதில் ஈடுபடுகின்றன என்பன அந்த ஓவியத்தில் இடம்பெறுவதில்லை. கோடை கழிந்து இலையுதிர் காலம் தொடங்கும் அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு பாட்டியின் வீட்டை எட்டிப் பார்த்தால், அப்பருவத்தின் உண்மையான பொருள் ஒருவாறு விளங்கும்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் டென்ட் என்னும் சிற்றூர் உள்ளது. டீ என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில், கூழாங்கல் பாவிய குறுகிய தெருக்களோடு அது அமைந்திருக்கின்றது. சுற்றிலும் கற்சுவர்களால் வரம்பிடப்பட்ட மேய்ச்சல் நிலங்கள். அவற்றுக்கு அப்பால் மரமில்லாத மலைகள். ஜூன் திங்களில் அங்கே இரவு 9.30 மணிக்குப் பின்னும் வானில் ஒளி இருக்கும். செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாளில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அந்நாள்களில் பகற்பொழுது நாளொன்றுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் குறைகின்றது. வாரத்திற்கு அரைமணி நேரம் கைநழுவிப் போகின்றது. கோடை முழுவதும் தொழுவங்களின் உத்தரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்த தகைவிலான் குருவிகள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. ஒரு நாள் காலையில் பார்த்தால் கம்பிகள் வெறுமையாக இருக்கும். ஏறத்தாழப் பத்தாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்னாப்பிரிக்காவை நோக்கி அவை புறப்பட்டுவிட்டன என்பது பொருள்.

அவ்வூரில் வாழும் மூதாட்டி ஒருவருக்கு வயது எழுபத்திரண்டு. பல ஆண்டுகள் சிறுவர் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணவர் மறைந்துவிட்டார். மகளின் குடும்பம் அதே ஊரின் மறுகோடியில் வாழ்கின்றது. பதினொரு வயதுப் பேத்தி, எட்டு வயதுப் பேரன், நான்கு வயதுக் கடைக்குட்டி என மூன்று குழந்தைகள். பள்ளி விட்டதும் அவர்கள் பாட்டி வீட்டுக்கு வருவார்கள். தாய் வேலை முடிந்து வந்து அழைத்துச் செல்லும் வரையில் அங்கேயே இருப்பார்கள். ஆண்டுக்கணக்காக அந்த வீட்டின் நடைமுறை இதுதான்.

ஓய்வு பெற்ற ஆசிரியருக்குப் பொழுது போகாது என்று பிறர் இரங்குவதுண்டு. இம்மூதாட்டிக்கோ பொழுது போதவில்லை. காலையில் தோட்டம், பிற்பகலில் இராட்டினம், மாலையில் பின்னல், இவற்றின் ஊடே பேரக் குழந்தைகளின் கூச்சல். செப்டம்பர் பிறந்துவிட்டால் இவை நான்கும் ஒன்றோடொன்று போட்டியிட்டு அவரை இழுக்கத் தொடங்கிவிடும்.

முதலில் தோட்டம். கொம்புகளில் படர்ந்து செந்நிறப் பூக்கள் பூத்துக் கோடையெல்லாம் காய்த்த அவரைக் கொடியில் இப்போது காய்கள் முற்றத் தொடங்கியிருக்கும். நல்ல கொடியாகப் பார்த்துச் சில காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுவார். அவை காய்ந்து சருகானதும் உரித்தால், கருமையும் இளஞ்சிவப்பும் கலந்த புள்ளிகளையுடைய பளபளப்பான விதைகள் கிடைக்கும். அவ்விதைகளை ஒரு தாளுறையில் இட்டு ஆண்டினை எழுதி வைப்பார். அந்த அவரை கடையில் வாங்கியதன்று. அவர் கணவர் ஆண்டுதோறும் விதை எடுத்து ஆண்டுதோறும் ஊன்றி வந்த அவரை. பழைய உறைகளில் இருப்பது அவருடைய கையெழுத்து. அண்மைய ஆண்டுகளின் உறைகளில் மூதாட்டியின் கையெழுத்து. சென்ற ஆண்டு உறையின் மேல் பேரன் தன் கோணல் எழுத்தில் ‘அவரை’ என்று எழுதினான். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. ஆசிரியராக இருந்தவர் அதனைத் திருத்தாமல் விட்டது அதுவே முதன்முறையாக இருக்கலாம்.

அடுத்து உருளைக்கிழங்கு. முட்கரண்டி போன்ற மண்வெட்டியால் செடியின் அடியைக் கிளறினால் கிழங்குகள் மண்ணோடு புரண்டு வெளிவரும். பேரனுக்கு இதைவிட இனிய விளையாட்டு இல்லை. புதையல் எடுப்பவனைப்போல் தோண்டுவான். அவசரத்தில் கரண்டியின் முள் குத்திச் சில கிழங்குகள் காயப்பட்டுவிடும். “பாட்டி, இதுவும் போயிற்றே!” என்று அவன் முகம் வாடும். “குத்துப்பட்டவை இன்றைய சமையலுக்கு, முழுமையானவை குளிர்காலத்துக்கு” என்று அவர் இரண்டு கூடைகளைக் காட்டுவார். காயப்பட்ட கிழங்கு நெடுநாள் தாங்காது, அழுகி மற்றவற்றையும் கெடுக்கும் என்பதும், நல்ல கிழங்கையும் வெளிச்சத்தில் வைத்தால் பச்சை நிறமாகிக் கசந்து உண்ணத் தகாததாகும் என்பதும் அந்த இரண்டு கூடைகளின் வழியே அவனுக்குப் பாடமாகிவிடும். பார்ஸ்னிப் என்னும் வெண்ணிறக் கிழங்கை மட்டும் அவர் தோண்ட விடுவதில்லை. கடுங்குளிர் பட்டால் அதிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவை கூடும். “உறைபனி விழட்டும்” என்பார்.

எடுப்பது மட்டுமே தோட்ட வேலையாகாது. செப்டம்பரில்தான் டாஃபடில் கிழங்குகளை ஊன்ற வேண்டும். வெங்காயம் போன்ற அக்கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் அதனைப் புதைக்க வேண்டும். அதன் பின்னர் ஆறு திங்கள் அங்கே ஒன்றுமே தெரியாது. மார்ச்சுத் திங்களில்தான் மஞ்சள் மலர் தலைகாட்டும். எழுபது கடந்தவர் மண்ணில் முழந்தாளிட்டு அடுத்த ஆண்டின் மலருக்காகக் குழி தோண்டுவதைப் பார்க்கும் அயலார் சிலர் வியப்பதுண்டு. அவருக்கோ அதில் வியப்பில்லை. தாம் பார்க்காவிடினும் குழந்தைகள் பார்ப்பார்கள் என்னும் எண்ணம் அவருக்கு உண்டு. ஆயினும் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கம்பி வலைக் கூண்டில் நிரப்புவது பேரனின் வேலை. ஓராண்டு இரண்டாண்டு கிடந்து மக்கினால் அவை கருநிற உரமாகும். ஒரு நாள் அவன் ஓர் இலையை எடுத்து வந்து, “இந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டான். பாட்டிக்குள் உறங்கிக் கிடந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். மஞ்சள் எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. கோடையிலும் அது இலைக்குள்ளேயே இருந்தது. இலை உணவு சமைத்துக்கொண்டிருந்த காலத்தில் பச்சையம் மிகுந்திருந்ததால் அது மறைந்திருந்தது. பகல் குறைந்து குளிர் கூடும்போது பச்சையம் சிதைந்து நீங்க, உள்ளிருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது என்று விளக்கினார். சில மரங்களில் தோன்றும் சிவப்பு மட்டும் அவ்வேளையில் புதிதாக உண்டாவது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பேரன் சிறிது நேரம் இலையைப் பார்த்தான். “அப்படியென்றால் வேலை முடிந்த பிறகுதான் அதன் சொந்த நிறம் தெரிகிறது” என்றான். பாட்டி பதில் சொல்லவில்லை. அந்த இலையை வாங்கிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார்.

மழை பெய்யும் பிற்பகல்களில் இராட்டினம் சுழலும். ஜூன், ஜூலைத் திங்கள்களில் ஆடுகளுக்கு மயிர் கத்தரிப்பார்கள். இக்காலத்தில் சாதாரண மலையாட்டுக் கம்பளிக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் கத்தரிக்கும் கூலிக்கே காணாது. ஆகவே, அண்டை வீட்டு உழவர் ஒருவர் நல்ல மயிர்த்தொகுதிகளாகப் பார்த்து அவருக்குக் கொடுத்துவிடுவார். அதனை வெந்நீரில் அலசி, அலையாமல் உலர்த்தி, கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கிடையே வைத்துச் சீவி, பஞ்சுப் பட்டைபோல் சுருட்டிக்கொள்வார். தக்ளியில் பருத்தி நூற்றவர்களுக்கு அப்பட்டை புதிதன்று. கம்பளியின் இழை நீளமானது, எண்ணெய்ப் பசையுள்ளது என்பதே வேறுபாடு. அப்பசை விரல்களை மென்மையாக்கும். தோட்ட மண்ணால் வெடித்த கைகளுக்கு இராட்டினமே மருந்து என்று அவர் நகைப்பார்.

கால்மிதியை அழுத்த அழுத்தச் சக்கரம் சுழலும். வலக்கை இழையை இழுக்க, இடக்கை விட்டுக்கொடுக்கும். ஒற்றைப்புரி நூல் தனியே நின்றால் தன்மேலேயே முறுக்கிக்கொண்டு சிக்காகிவிடும். அதனால் இரண்டு புரிகளை எடுத்து, முதலில் முறுக்கிய திசைக்கு எதிர்த்திசையில் ஒன்றாக முறுக்குவார். ஒன்றின் முறுக்கை மற்றொன்று தணிக்க, நூல் அமைதியாக நிற்கும். கடைக்குட்டிக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. இராட்டினத்தின் அருகில் அமர்ந்து சக்கரத்தின் ஆரைகளை எண்ண முயன்று, எண்ண முடியாமல் உறங்கிப்போவாள். அவ்வாறு அவள் உறங்கும் பிற்பகல்களில் நூல் சீராக வரும் என்பது பாட்டியின் நம்பிக்கை.

பின்னல் இவ்வூருக்குப் புதிதன்று. கையால் பின்னப்பட்ட காலுறைகளுக்கும் குல்லாய்களுக்கும் ஒரு காலத்தில் டென்ட் பள்ளத்தாக்கு பெயர்பெற்றிருந்தது. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி அனைவரும் பின்னினர். ஆடுமாடு ஓட்டிச் செல்லும்போதும் நடந்துகொண்டே பின்னினர். இடுப்பு வாரில் செருகிய ஒரு மரக்கோலில் ஊசியின் ஒரு முனையைப் பொருத்திக்கொண்டதால் அது அவர்களுக்கு இயன்றது. அவர்களை ‘பயங்கரப் பின்னற்காரர்’ என்று அப்பகுதி மக்கள் அழைத்தனர். பயங்கரம் என்பது இங்கே இழிவன்று. தமிழில் ‘அசுர வேகம்’ என்று பாராட்டுவது போன்றதே அது. மேரி ஹார்ட்லி, ஜோன் இங்கில்பி என்னும் இருவர் இப்பகுதியின் பழைய பின்னற்காரர்களைப் பற்றி 1951ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டனர்.

புகழ்பெற்ற நிலவியல் அறிஞர் ஆடம் செட்ஜ்விக் 1785ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், முதுமையில், 1868ஆம் ஆண்டில், தம் ஊரின் பழைய வாழ்க்கையை நினைவுகூர்ந்து எழுதினார். குளிர்கால மாலைகளில் அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடித் தீயைச் சுற்றி அமர்ந்து பின்னுவதையும், வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி தன் கையிலுள்ள பின்னலை நிறுத்தாமலேயே ‘ராபின்சன் குரூசோ’ போன்ற நூலை உரக்கப் படிப்பதையும், மற்றவர் கேட்டுக்கொண்டே விரல்களை இயக்குவதையும் அவர் எழுதியுள்ளார். தொழிலும் கல்வியும் உறவும் ஒரே அறையில் நிகழ்ந்த காலம் அது.

ஆயினும் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. கவிஞர் ராபர்ட் சௌதியின் ‘தி டாக்டர்’ என்னும் நூல் 1834 முதல் 1847 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இரண்டு சிறுமியரின் உண்மைக் கதை இடம்பெற்றுள்ளது. லாங்டேல் என்னும் பகுதியைச் சேர்ந்த அவர்களுள் மூத்தவளுக்கு ஏழெட்டு வயது. இளையவள் அவளைவிட இரண்டு வயது சிறியவள். பின்னல் கற்பதற்காக அவர்கள் டென்டுக்கு அனுப்பப்பட்டனர். ஓயாமல் பின்னும் வேலையையும் தாய்வீட்டு ஏக்கத்தையும் அவர்களால் தாங்க இயலவில்லை. ஒரு நாள் எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு, நெடுவழி நடந்து, தம் வீடு போய்ச் சேர்ந்தனர். வறுமையின் பொருட்டுப் பின்னப்பட்ட காலுறைகளில் எத்தனை குழந்தைகளின் கண்ணீர் கலந்திருந்ததோ!

மூதாட்டி தம் ஆசிரியப் பணிக் காலத்தில் இக்கதையை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வந்தவர். அதனால்தான் போலும், எந்தக் குழந்தையையும் அவர் “உட்கார்ந்து பின்னு” என்று பணித்ததில்லை. ஊசியும் நூலும் கூடையில் கிடக்கும்; விரும்புவோர் எடுக்கலாம். மூத்த பேத்தி அவ்வாறு தானாகவே எடுத்தாள். அப்போது அவளுக்கு வயது ஆறு. கண்ணி விழுந்தால் அழுவாள். பாட்டி அதனை எடுத்துக் கொடுத்ததும் சிரிப்பாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாகாது என்பதை அவள் கற்றாள். அறுந்த இரு முனைகளையும் சற்றே பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஈரப்படுத்தி, இரு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்து வேகமாகத் தேய்த்தால் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு இணைந்த இடம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. அந்த வித்தையை அவள் மந்திரம் என்றே எண்ணினாள். அறுபடாத நூலையும் அறுத்து அறுத்து ஒட்டிப் பார்த்தாள்.

அந்தப் பேத்திக்கு எட்டு வயதானபோது அவளே நிறம் தேர்ந்த நீல நூலில் பாட்டி ஒரு கம்பளிச் சட்டை பின்னினார். வளரும் பிள்ளை என்று கையிலும் நீளத்திலும் நான்கு விரற்கடை கூடுதலாகவே வைத்தார். அவள் மூன்று குளிர்காலங்கள் அதனை விடாது அணிந்தாள். இவ்வாண்டு செப்டம்பரில் அவள் பதினொரு வயது நிறைந்தவளாய்ப் பக்கத்து ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்ப வேண்டும். அப்பள்ளிக்கெனச் சீருடை உண்டு. சீருடைக்கெனக் கடையில் விற்கும் சட்டையும் உண்டு. புதிய தோழியர், புதிய பாடங்கள், வீட்டுப்பாடங்கள். பாட்டி வீட்டுக்கு வரும் வழக்கம் முதலில் வாரம் மூன்று நாளாயிற்று. பிறகு ஒரு நாளாயிற்று. பின்னர் அதுவும் நின்றது. குழந்தை வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், நான்கு மணிக்குக் கதவு திறக்கும் ஓசை கேட்கும்போது மூன்று தலைகளை எதிர்பார்த்து இரண்டை மட்டுமே காணும் கண்களுக்கு அது புரிவதற்குச் சில நாள்கள் தேவைப்படும்.

இன்னொரு துன்பமும் அப்பருவத்தில் சேர்ந்துகொண்டது. மூதாட்டியின் பெருவிரல் மூட்டுகள் வீங்கி வலித்தன. ஒரே மூச்சில் நெடுநேரம் பின்ன வேண்டாம் என்றார் மருத்துவர். ஆண்டுதோறும் குளிர்காலத்துக்குள் மூன்று சட்டைகள் பின்னி முடித்தவர், இவ்வாண்டு இரண்டே முடியும் எனக் கணக்கிட்டார். பேரனுக்கு ஒன்று, கடைக்குட்டிக்கு ஒன்று. கடைக்குட்டியின் சட்டைக்குப் புதிய நூல் நூற்கக் கையில் வலுவில்லை. பேழையில் மடித்துக் கிடந்த நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. மூத்தவளுக்கு அது இனி எட்டாது. நல்ல கம்பளி, பிரித்தால் மீண்டும் பின்னலாம்.

அவ்வாறே பிரித்தார். பேரன் இரு கைகளையும் நீட்டி உட்கார, பாட்டி நூலை அவன் கைகளில் சிட்டமாகச் சுற்றினார். பல ஆண்டுகள் பின்னலாகவே இருந்த நூல் நெளிநெளியாக வளைந்திருக்கும். அதனை அலசி, அடியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு நீங்கும். அடுக்களையின் கொக்கியில் நீலச் சிட்டங்கள் நீர் சொட்டிக்கொண்டு தொங்கின.

அன்று சனிக்கிழமை. மழைக்கு ஒதுங்கியவள் போல் மூத்த பேத்தி உள்ளே வந்தாள். வந்தவள் அடுக்களை வாயிலிலேயே நின்றுவிட்டாள். “அது என்னுடைய சட்டை” என்றாள்.

“உனக்கு அது எட்டாதே, கண்ணே. தங்கைக்குப் பின்னலாம் என்று பிரித்தேன்.”

“எட்டாவிட்டாலும் அது என்னுடையதுதானே! என்னைக் கேட்கவில்லையே!”

சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பிப் போனாள். மூதாட்டி நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தார். எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்தியதில்லை என்று அவர் தம்மைப் பற்றி எண்ணியிருந்தார். ஆனால், ஒரு குழந்தையின் பொருளை அவளைக் கேளாமல் எடுத்ததும் ஒருவகைக் கட்டாயமே அல்லவா? அவள் வராத நாள்களில், அவளுக்கு இவ்வீட்டில் உள்ளவை தேவையில்லாமற் போய்விட்டன எனத் தாமே முடிவு செய்துகொண்டதும் தவறுதானே? பிள்ளைகள் வீட்டைவிட்டு விலகுவதுபோல் தோன்றும் காலத்தில்தான், தாம் விட்டுச் சென்ற இடம் அப்படியே இருக்கின்றதா என்று அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். இதனை நூற்றுக்கணக்கான மாணவரிடம் கண்டறிந்தவர், தம் சொந்தப் பேத்தியிடம் காணத் தவறிவிட்டார்.

மறுநாள் மாலை அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு நடந்தார். பேத்தியின் அறைக் கதவைத் தட்டி, “உன்னைக் கேட்காமல் எடுத்தது என் தவறு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, காரணம் காட்டவில்லை, ஈடாக வேறு சட்டை தருவதாகவும் கூறவில்லை. பேத்தி தலைகுனிந்து, “சரி, பாட்டி” என்றாள். அவர் திரும்பி வந்தார். சிட்டங்கள் உலர்ந்து, நூல் நேராகி, பந்துகளாகச் சுற்றப்பட்டுக் கூடையில் கிடந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. பேரனின் சட்டைக்கான பழுப்பு நூலையே நாளுக்குச் சிறிது நேரமாகப் பின்னிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரங்கள் கழிந்தன. பள்ளத்தாக்கின் மரங்கள் மஞ்சளாயின. அவரை விதைகள் உறைக்குள் புகுந்தன. டாஃபடில் கிழங்குகள் மண்ணுக்குள் புகுந்தன. அக்டோபர்த் திங்களின் ஒரு மாலையில் நான்கரை மணிக்குக் கதவு திறந்தது. சீருடையோடும் புத்தகப் பையோடும் மூத்த பேத்தி நின்றாள். பையை மூலையில் வைத்தாள். கூடையில் கிடந்த நீலப் பந்தை எடுத்தாள்.

“தங்கையின் சட்டையை நான் பின்னுகிறேன். அது என் நூல்தானே” என்றாள்.

“உன் நூல்தான்” என்றார் பாட்டி.

அவள் ஊசியில் கண்ணிகளை ஏற்றத் தொடங்கினாள். நெடுநாள் தொடாத விரல்கள் தடுமாறின. இருமுறை ஏற்றி இருமுறையும் உருவினாள். பாட்டி அருகில் அமர்ந்து தம் வேலையைப் பார்த்தார், கேட்டாலன்றிச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: “எவ்வளவு கூடுதலாக வைப்பது?” “நான்கு விரற்கடை” என்றார். “என் விரலா, உங்கள் விரலா?” என்றாள். இருவரும் தத்தம் விரல்களை மேசைமேல் வைத்து அளந்து பார்த்தனர். பாட்டியின் விரல்கள் வீங்கி வளைந்திருந்தன. பேத்தியின் விரல்கள் நீண்டு மெலிந்திருந்தன. அகலத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை. கடைசியில் கடைக்குட்டியையே அழைத்து நிற்கவைத்து அளவெடுத்தார்கள்.

பின்னிக்கொண்டிருந்தபோது நூல் அறுந்தது. பழைய நூல் ஆதலின் அது நலிந்திருந்தது. பேத்தி ஊசியைத் தாழ வைத்தாள். இரு முனைகளையும் பிரித்தாள், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள், ஈரப்படுத்தினாள், உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்தாள். கைகளைத் திறந்து நூலை இழுத்துப் பார்த்தாள். அது தாங்கியது. எவரையும் நிமிர்ந்து பாராமல் மீண்டும் பின்னத் தொடங்கினாள்.

முன்னாளில் இப்பள்ளத்தாக்கில் வயிற்றுப்பாட்டுக்காகக் குழந்தைகள் பின்னினர். பின்ன மாட்டாமல் ஓடியும் போயினர். அதே ஊசி, அதே கம்பளி, அதே நெருப்பருகே இன்று ஒரு சிறுமி தானே வந்து அமர்கின்றாள். செய்யும் தொழில் மாறவில்லை, கட்டாயம் நீங்கியிருக்கின்றது. கட்டாயம் நீங்கிய பின்னரும் எஞ்சி நிற்கும் தொழிலே இன்பமாகின்றது போலும். தொழிலுக்கு மட்டுமன்று, பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலுள்ள உறவுக்கும் இது பொருந்தும். வருகையைக் கடமையாக்கினால் குழந்தைகள் ஒரு நாள் நழுவிவிடுவர். அவர்களுக்குரியதை அவர்களுக்கே என வைத்து, கதவைத் தாழிடாமல் விட்டால் அவர்கள் வருவர். தினந்தோறும் அல்லவெனினும், வருவர்.

அக்டோபர்த் திங்களின் கடைசி ஞாயிறன்று அந்நாட்டில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். அந்த ஞாயிறன்று அவ்வீட்டில் மூன்று குழந்தைகளும் இருந்தனர். பேரன் நாற்காலிமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினான். கடைக்குட்டி, தன் நீலச் சட்டை எப்போது முடியும் என்று பத்தாவது முறையாகக் கேட்டாள். “குளிர் வருவதற்குள்” என்றாள் அக்காள். அவள் பின்னிய முதற்கையில் ஒரு கண்ணி குறைவு என்பதைப் பாட்டி முன்னரே எண்ணிப் பார்த்திருந்தார். கேட்டால் சொல்லலாம் என்று தம் பழுப்பு நூலை எடுத்துக்கொண்டார்.